குமிழி நின்றுவிட்டால் பீர் தயாரா?

இட்லி மாவு புளித்துவிட்டதா என்று பார்க்க நம் வீடுகளில் யாரும் கருவி வாங்குவதில்லை. பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். மாவு பொங்கியிருக்கும், கரண்டியை விட்டால் நுரைநுரையாகக் காற்று தெரியும், மிச்சத்தை மணம் சொல்லிவிடும். சிங்கப்பூர் வெக்கையில் இரவு அரைத்து வைத்தால் காலையில் தயார். சற்று முன்னே பின்னே போனாலும் நட்டமில்லை. புளிப்பு ஏறிவிட்டதா? ஊத்தப்பம் ஊற்றிவிடலாம்.

பீரும் நொதிக்கவைத்துத் தயாரிக்கும் பண்டம்தான். ஆனால் அங்கே ‘சற்று முன்னே பின்னே’ என்ற சலுகை கிடையாது. நொதித்தல் முடியும் முன்னரே போத்தலில் அடைத்து மூடினால், மிச்ச வேலை போத்தலுக்குள் நடக்கும். வெளியேற வழியில்லாத வாயு அழுத்திக்கொண்டே போகும். கண்ணாடி தாங்காதபோது போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் ஓடியாடும் வீவக வீட்டில், சமையலறை அலமாரிக்குள் அப்படி ஒரு போத்தல் இருப்பதை யாரும் விரும்பமாட்டோம்.

என் வயதை ஒத்த நண்பர்கள் சிலர் வார இறுதிகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார்கள். சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் இடம் தருகிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; தம் வீட்டிலேயே தயாரிக்க வேண்டும்; ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது; சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான், விற்கக்கூடாது; காய்ச்சி வடிக்கக்கூடாது. மலேசிய வாசகர்கள் கவனிக்க: அங்கு சட்டம் வேறு. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது.

அந்த நண்பர்களிடம் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். “தயாராகிவிட்டது என்று எப்படித் தெரியும்?”

பலரும் சொன்ன முதல் பதில்: “குமிழி நின்றுவிடும்.”

அந்தப் பதிலில்தான் சிக்கல்.

வாளிக்குள் நடப்பது என்ன?

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து, மூடிய வாளியில் வைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும். அந்த வாயு வெளியேற, மூடியில் நீர் நிரப்பிய சிறு குழாய் ஒன்று இருக்கும். வாயு போகும்போது அது ‘பளக், பளக்’ என்று ஒலிக்கும்.

வாயு கொஞ்சநஞ்சமில்லை. 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 20 லிட்டர் பீர் தயாராவதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறிவிடும். காற்றோட்டமான இடத்தில் வாளியை வைக்கச் சொல்வது அதனால்தான்.

குமிழியை ஏன் நம்ப முடியாது? வாளியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும். உள்ளே ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும், குழாயோ மௌனம் சாதிக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நொதித்தல் முடிந்து சில நாள் ஆனபிறகு அறை சூடேறினால், பீரில் கரைந்திருக்கும் வாயு மெல்ல வெளியேறும். குழாய் மறுபடி ‘பளக்’ என்னும். உள்ளே நொதித்தல் ஏதும் இருக்காது.

வானொலி நிலையத்தில் எங்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒலி சரியாகப் போகிறதா என்று காதை மட்டும் நம்பி நாங்கள் உட்கார்ந்திருப்பதில்லை. எதிரே ஒலியளவு காட்டும் மானி இருக்கும். காது களைத்துப்போகும், மானி களைக்காது. பீர் வாளிக்கும் அப்படி ஒரு மானி உண்டு.

மிதக்கும் கண்ணாடிக் குழாய்

அதன் பெயர் ஹைட்ரோமீட்டர். அடியில் கனம் வைத்த, மேலே மெல்லிய தண்டுள்ள கண்ணாடிக் குழாய். தண்டில் அளவுக்கோடுகள் இருக்கும். பீர் தயாரிப்புக்கான பொருள்களை விற்கும் கடைகளில் கிடைக்கும். விலையும் அதிகமில்லை.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் இது விளங்கும். சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தியானது. அதில் குழாய் உயரமாக மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அடர்த்தி குறையும். சர்க்கரையின் இடத்தில் வந்து சேரும் ஆல்கஹாலோ நீரைவிட இலேசானது. எனவே குழாய் நாளுக்கு நாள் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால், எவ்வளவு சர்க்கரை போனது என்று தெரிந்துவிடும்.

வெறும் நீரின் அளவு 1.000. வழக்கமான பீர்ச் சாறு 1.040 முதல் 1.060 வரை இருக்கும். முடிந்த பீர் பெரும்பாலும் 1.008 முதல் 1.016க்குள் வந்து நிற்கும். பேச்சுவழக்கில் 0.001ஐ ஒரு ‘புள்ளி’ என்பார்கள்.

ஈசூனில் வசிக்கும் பொறியாளர் நண்பர் ஒருவர் இந்த எண்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தைக் காட்டினார்:

முதல் நாள் – 1.048
3ஆம் நாள் – 1.031
5ஆம் நாள் – 1.017
6ஆம் நாள் – 1.014 (குமிழி நின்றது)
8ஆம் நாள் – 1.011
11ஆம் நாள் – 1.010
14ஆம் நாள் – 1.010

அவருடைய அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பாலுக்குத்தான் தண்ணி கலந்திருக்கான்னு இப்படிக் குழாய் விட்டுப் பார்ப்பாங்க. நீ என்னடா தம்பி, இதுக்கும் விட்டுப் பார்க்கிறே?” என்றார். அவர் சொன்னது சரிதான். பால்மானியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

அந்த ஆறாம் நாளைக் கவனியுங்கள். குமிழி நின்ற அன்று பீர் முடியவில்லை, இன்னும் நான்கு புள்ளி பாக்கி. நான்கு புள்ளிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு புள்ளி சர்க்கரையும் நொதிக்கும்போது, ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ அரை லிட்டர் வாயு உண்டாகும். நான்கு புள்ளிக்கு இரண்டு லிட்டர். போத்தலில் அடைக்கும்போது நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். அதைச் சேர்த்தால் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதுதான் கோப்பையில் நாம் பார்க்கும் நுரை. ஆறாம் நாளே அடைத்திருந்தால் அந்த இரண்டரையோடு இன்னொரு இரண்டு சேர்ந்திருக்கும். ஏறக்குறைய இரு மடங்கு வாயு. சாதாரண பீர் போத்தல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அளப்பதிலும் பக்குவம் வேண்டும்

கருவி இருந்தால் மட்டும் போதாது. அளக்கும் முறை பிசகினால் எண்ணும் பிசகும்.

முதலில், வாங்கியதும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டினால் இரண்டு புள்ளியை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மாதிரியில் உள்ள வாயுவைப் போக்க வேண்டும். நொதிக்கும் பீரில் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். சர்க்கரை அதிகம் இருப்பதுபோலக் காட்டும். இரண்டு குவளைகளில் மாறி மாறி, தேத்தாரே ஆற்றுவதுபோல ஆற்றினால் வாயு போய்விடும். பிறகு குழாயை மிதக்கவிட்டு, விரலால் ஒரு சுற்றுச் சுழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டி ஏறி நிற்கும் விளிம்பைப் பார்க்காமல், நீர்மட்டத்தின் தாழ்ந்த கோட்டைப் பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் நம் ஊருக்கு முக்கியமானது: வெப்பநிலை. பல ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியசுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. நம் வீட்டு அறையோ 29, 30 டிகிரியில் இருக்கும். சூடான திரவம் இலேசாகும், கருவி தாழ்ந்து மிதக்கும். 30 டிகிரியில் அளந்தால் இரண்டரைப் புள்ளி அளவுக்குக் குறைத்துக் காட்டும். 1.010 என்று படித்தது உண்மையில் 1.0125ஆக இருக்கலாம். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வோர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே வெப்பநிலையில் அளப்பது நல்லது. முடியாவிட்டால் திருத்த அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும்.

அளந்த மாதிரியை மறுபடி வாளியில் ஊற்றக்கூடாது. கிருமி சேரும். குடித்துப் பார்க்கலாம், அல்லது கொட்டிவிடலாம்.

மூன்று கேள்விகள்

போத்தலில் அடைக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

ஒன்று, எண் நின்றுவிட்டதா? இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் அளந்து இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும். நண்பரின் நோட்டில் 11, 14ஆம் நாள்களைப் போல.

இரண்டு, நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றதா? ஈஸ்ட் சில நேரம் பாதியில் படுத்துவிடும். பெல்ஜியப் பாணி ‘சைசான்’ பீருக்கான சில ஈஸ்ட் வகைகள் 1.030 அருகே வந்து முரண்டு பிடித்து, நாள் கழித்து மறுபடி தொடங்கும் என்று பெயர் பெற்றவை. எண் அசையவில்லை என்பதால் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. சாதாரணமாக ஈஸ்ட் 70 முதல் 80 விழுக்காடு வரை அடர்த்தியைக் குறைக்கும். ஈஸ்ட் பொட்டலத்திலேயே அந்த அளவு இருக்கும். நண்பரின் பீர் 48 புள்ளியில் தொடங்கி 10இல் முடிந்தது. 38 புள்ளி குறைந்திருக்கிறது. அதாவது 79 விழுக்காடு. திருப்தியான கணக்கு.

இதில் சந்தேகமே வேண்டாம் என்போர் ஒரு சோதனை செய்வார்கள். முதல் நாளே கொஞ்சம் சாற்றைத் தனிக் குப்பியில் எடுத்து, ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி குலுக்கி வைப்பார்கள். அது ஓரிரு நாளில் முடிந்துவிடும். பெரிய வாளி எங்கே போய் நிற்கும் என்பதை அந்தச் சிறு குப்பி முன்கூட்டியே சொல்லிவிடும்.

மூன்று, சுவை சரியாக இருக்கிறதா? நொதிக்கும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகும். அதற்கு வெண்ணெய் மணம். ஈஸ்ட்டே பிறகு அதைத் தின்று சுத்தம் செய்யும், ஆனால் அவகாசம் தர வேண்டும். கொஞ்சம் பீரை மூடிய குவளையில் வைத்து 60 டிகிரி அளவில் சூடுபடுத்தி, ஆறவைத்து முகர்ந்து பார்ப்பார்கள். வெண்ணெய் வாசம் அடித்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

நம் வெக்கையும் வடக்கின் ஈஸ்ட்டும்

பெரும்பாலான ‘ஏல்’ வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை இதமாக இருக்கும். நொதிக்கும்போது வாளியே சில டிகிரி சூடாகும். 30 டிகிரி அறையில் விட்டால் ஈஸ்ட் அவசரப்பட்டு, சாராய நெடி வீசும் பொருள்களையும் சேர்த்து உண்டாக்கிவிடும். அதனால் பலர் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி, அதற்குள் வாளியை வைக்கிறார்கள்.

இன்னொரு வழி நார்வேயிலிருந்து வந்திருக்கிறது. அங்குள்ள பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ‘குவைக்’ என்னும் ஈஸ்ட் வகைகள் 30 டிகிரிக்கு மேலும் கெடாமல் வேலை செய்யும். சில நாள்களிலேயே முடித்துவிடும். பனி பெய்யும் நாட்டின் ஈஸ்ட் பூமத்திய ரேகைக்குப் பொருந்துகிறது! வேகமாக முடிகிறது என்பதற்காக அளவெடுப்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது.

வேறு கருவிகளும் உண்டு. ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டுப் போதும். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சர்க்கரையைச் சொல்லும். சாறு காய்ச்சும் நாளில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆல்கஹால் கலந்த பிறகு அது ஏமாற்றும். 12 என்று தொடங்கிய பீர் முடிந்த பிறகும் 6 என்று காட்டும். திருத்தக் கணக்கு போடாமல் நம்பினால், பாதி நொதித்தல் பாக்கி இருப்பதாகத் தோன்றும்.

இளையர்கள் விரும்புவது மிதக்கும் மின்னிலக்கக் கருவிகளை. வாளிக்குள்ளேயே சாய்ந்து மிதந்து, அடர்த்தி குறையக் குறையச் சாய்கோணம் மாறுவதைக் கைப்பேசிக்கு அனுப்பும். வேலையிடத்தில் இருந்தே வரைபடம் பார்க்கலாம். நுரையும் ஈஸ்ட்டும் ஒட்டிக்கொண்டால் எண் தடுமாறும். போகும் திசையை அது காட்டும். இறுதி முடிவுக்குக் கண்ணாடிக் குழாயே சாட்சி.

அளவையியலுக்குப் பீர் தந்த கொடை

இப்படி அளப்பது புதுப் பழக்கமில்லை. இங்கிலாந்தின் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் என்ற பீர் தயாரிப்பாளர், சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியைப் பற்றி 1784இல் நூலே எழுதினார். அப்படி அளந்து பார்த்த பிறகுதான், மலிவு என்று வாங்கிய கருமால்ட்டில் சர்க்கரை குறைவு என்பது ஆலைகளுக்கு உறைத்தது. வெப்பமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று துல்லிய அளவீடுகளால் காட்டிய ஜூல், பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு மாதிரிகளை வைத்து முடிவெடுக்கும் புள்ளியியல் முறையை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் காசெட், டப்ளின் கின்னஸ் ஆலையின் ஊழியர். அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவுகோலை 1909இல் உருவாக்கிய சோரன்சன், கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பாடங்களில் இவ்வளவு பீர் கலந்திருக்கிறது.

குடிக்காத வீட்டுக்கும் உதவும்

மது வேண்டாம் என்று இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை குடும்பங்களை என்ன செய்தது என்று தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வீட்டுக்குள் பீர் வாளி என்பது முகம் சுளிக்கவைக்கும் பேச்சாகவே இருக்கும். அந்த மனவருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

அவர்களும் இதைப் படிக்கக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்காக வீட்டில் இஞ்சி பீர், கொம்புச்சா செய்வோர் பெருகியிருக்கிறார்கள். அங்கேயும் ஈஸ்ட்தான், சர்க்கரைதான், மூடிய போத்தல்தான். ஆபத்தும் அதேதான். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்தால், விரலால் அழுத்திப் பார்த்தே வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். கல்போல இறுகிவிட்டால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட்டின் வேகம் அடங்கும். அந்தப் பானங்களிலும் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும் என்பதைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீர் தயாரிப்போருக்கு அந்த எண் இன்னொரு பொறுப்பையும் தருகிறது. தொடக்க எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு ஏறத்தாழக் கிடைக்கும். நண்பரின் பீருக்கு 0.038ஐ 131.25ஆல் பெருக்கினால் 5 விழுக்காடு. 330 மில்லிலிட்டர் போத்தலில் 13 கிராம் ஆல்கஹால். அதே நிறம், அதே மணத்தில் 8 விழுக்காட்டு பீரும் தயாரிக்க முடியும். அந்தப் போத்தலில் 21 கிராம் இருக்கும். கடையில் வாங்கினால் அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டுப் போத்தலில் யார் அச்சிடுவது?

சிங்கப்பூரில் வாகனமோட்டுவோருக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். கடற்பாலத்தைத் தாண்டினால், மலேசியாவில் 2020 முதல் அது 50 மில்லிகிராம்தான். விருந்துக்கு வந்த மாமாவோ அண்ணியோ “இதுல எவ்வளவு இருக்கு?” என்று கேட்டால், “சும்மா, லேசாத்தான்” என்பது பதிலாகாது. ஈசூன் நண்பர் ஒவ்வொரு போத்தலிலும் வெள்ளை நாடா ஒட்டி, தயாரித்த தேதியையும் ஆல்கஹால் விழுக்காட்டையும் பேனாவால் எழுதி வைக்கிறார். வாகனத்தில் வந்தவர்களுக்கு அவர் வீட்டில் போத்தல் திறக்கப்படுவதில்லை. அவர்களுக்கு அம்மா போடும் தேநீர்தான்.